வேலூர்க் கோட்டையில் கண்டி அரசர்

இலங்கையில் கடைசியாக முடிசூடி ஆண்ட மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். நாட்டை இழந்த பிறகு, தம் கடைசிப் பதினாறு ஆண்டுகளை அவர் வேலூர்க் கோட்டைக்குள் கைதியாகக் கழித்தார்.

அவர் 1780-இல் பிறந்தார். இயற்பெயர் கண்ணுசாமி. கண்டி மன்னர்கள் மதுரை நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுப்பது நெடுநாள் வழக்கம். 1739-இல் சிங்கள மன்னர் வாரிசின்றி இறக்கவே, அரசியின் உடன்பிறந்தவர் அரியணை ஏறினார். அதுமுதல் கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர்களே. அவர்கள் பௌத்தத்தைப் போற்றிக் காத்ததால் மக்களும் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். 1798-இல் ராஜாதி ராஜசிங்கன் மறைந்ததும், முதல் அமைச்சரான பிலிமத்தலாவை 18 வயதுக் கண்ணுசாமியை அரசராக்கினார். இளைஞர் தம் சொல்படி நடப்பார் என்பது அமைச்சரின் கணக்கு. அது பலிக்கவில்லை.

கடற்கரை முழுவதையும் அப்போது ஆங்கிலேயர் பிடித்திருந்தார்கள். 1803-இல் கண்டிக்குள் புகுந்து, இறந்த மன்னரின் மைத்துனர் முத்துசாமியை அரசர் என்று அறிவித்தார்கள். ராஜசிங்கன் மலைக்குள் பின்வாங்கிக் காத்திருந்தார். காய்ச்சல் ஆங்கிலப் படையைச் சாய்த்தது. ஜூனில் அதன் தளபதி மேஜர் டேவி சரணடைந்தார். அவருடைய படையினரும் முத்துசாமியும் கொல்லப்பட்டார்கள். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கண்டி தன்னாட்சியோடு நின்றது.

இன்று பயணிகள் பார்த்து வியக்கும் கண்டி ஏரியும், தலதா மாளிகையை ஒட்டிய எண்கோண மண்டபமும் இந்த ஆண்டுகளில் எழுந்தவை. ஏரி வெட்டக் குடிமக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்தது பெரும் மனக்கசப்பை வளர்த்தது. சதி செய்த பிலிமத்தலாவைக்கு 1811-இல் மரண தண்டனை. அவருக்குப் பின் வந்த எகெலப்பொல 1814-இல் ஆங்கிலேயரிடம் ஓடிப்போனபோது, அவருடைய மனைவியையும் குழந்தைகளையும் அரசர் கொல்லச் செய்தார். இந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அரசரைக் கொடுங்கோலர் என்று பரப்புவதற்கு ஆங்கிலேயருக்கும் இதைவிட வலுவான ஆயுதம் தேவைப்படவில்லை.

ஜான் டொய்லி என்ற ஆங்கில அதிகாரி கண்டித் தலைவர்களை ஒவ்வொருவராக வசப்படுத்தினார். 1815 பிப்ரவரியில் ஆங்கிலப் படை ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் கண்டியில் நுழைந்தது. 18-ஆம் தேதி அரசர் பிடிபட்டார். மார்ச் 2-இல் கண்டித் தலைவர்களும் ஆளுநர் பிரௌன்ரிக்கும் கூடி ஒப்பந்தம் செய்தார்கள். அரசருடைய உறவினரான ஆண்கள் யாரும் கண்டி நாட்டுக்குள் கால்வைக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி.

1816 ஜனவரி 24-இல் அரசரும் அரசியரும் உறவினரும் கொழும்பில் ‘கார்ன்வாலிஸ்’ கப்பலில் ஏற்றப்பட்டு, சென்னை வழியாக வேலூர் கொண்டுவரப்பட்டார்கள். அகழி சூழ்ந்த அந்தக் கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பழகிய அரச சிறை. திப்பு சுல்தானின் பிள்ளைகளை அங்கேதான் வைத்திருந்தார்கள். 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகே அவர்களைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். ராஜசிங்கன் இருந்த மாளிகைக்குக் கண்டி மகால் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவர் வேலூர் வந்த மறு ஆண்டே கண்டி நாடு கொதித்தது. 1817-இல் அந்நாட்டின் ஊவாப் பகுதியில் வெடித்த கிளர்ச்சிக்குத் தலைமையாக முன்னிறுத்தப்பட்டவர், தன்னை நாயக்கர் அரச குடும்பத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒருவர். குடிகள் உண்மையிலேயே அரசரை வெறுத்துத் தள்ளியிருந்தால் அந்தப் பெயரைச் சொல்லி ஆள் திரட்டியிருக்க முடியாது. அவரைக் கவிழ்த்தது பெரும்பாலும் தலைவர்களின் பகையே. ஆங்கிலேயரை நம்பிய எகெலப்பொலவும் 1825-இல் மொரிசியஸுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829-இல் அங்கேயே இறந்தார்.

அரசர் 1832 ஜனவரி 30-இல் வேலூரில் காலமானார். ஆம்பூர், விரிஞ்சிபுரம் கடந்து வரும் பாலாற்றின் கரையில், வேலூரில் அவருடைய சமாதி இருக்கிறது. 1990-இல் தமிழக அரசு அங்கே முத்து மண்டபம் எழுப்பியது. வாரிசுகளுக்கான இலங்கை அரசின் உதவித்தொகை இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. இங்கிலாந்துக்குப் போன அவருடைய அரியணை 1934-இல் இலங்கைக்குத் திரும்பியது. 1948-இல் விடுதலை பெற்ற இலங்கை, அவருடைய சிங்கக் கொடியையே தன் தேசியக் கொடியாக ஏற்றியது.