வேண்டாம் என்று ஒதுக்கிய பசையும் பழைய பியானோவும்

பியானோவின் மூடியைத் திறந்தால் இருநூறுக்கும் அதிகமான கம்பிகள் தெரியும். ஒவ்வொன்றும் சுமார் 70 கிலோ எடையைத் தொங்கவிட்டது போன்ற விறைப்பில் நிற்கிறது. கூட்டிப் பார்த்தால் 15 டன்னுக்கு வரும்! இதைத் தாங்குவது இரும்புச் சட்டம். ஒரே வார்ப்பான சட்டத்துக்கு 1825-ல் பாஸ்டனைச் சேர்ந்த ஆல்ஃபியஸ் பாப்காக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் சுருதி நிற்பது இரும்பில் அல்ல, மரத்தில்தான். கம்பியின் முனையைச் சுற்றியிருக்கும் எஃகு ஆணி, கெட்டியான மரப்பலகையின் துளையில் இறுக்கமாக அடிக்கப்பட்டிருக்கும். நட்டு, போல்ட் எதுவும் கிடையாது. வீணையின் பிருடை போல உராய்வு ஒன்றே பிடிப்பு. 1700 வாக்கில் இத்தாலியின் பிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி பியானோவை உருவாக்கிய காலம் தொட்டு இந்த ஏற்பாடுதான்.

அமெரிக்காவில் 1909-ஆம் ஆண்டில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கும் மேல் பியானோக்கள் தயாராயின. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டுபோகும். ஆண்டுக்கணக்கில் மரம் சுருங்கி விரிந்தால் பலகை விரிசல் விடும், ஆணி தளரும். காலையில் சேர்த்த சுருதி மாலையில் இறங்கிவிடும்.

அதற்கும் கைவைத்தியங்கள் இருந்தன. ஆணியை இன்னும் உள்ளே அடிப்பது, தடித்த ஆணி போடுவது, துளைக்குள் உப்புத்தாள் செருகுவது... கிளிசரின் கலந்த திரவம் விட்டு மரத்தை ஊறவைப்பதும் உண்டு. அது சில காலம்தான் தாங்கும். முறையான வழி பலகையையே மாற்றுவது. அதற்கு எல்லாக் கம்பிகளையும் கழற்றி இரும்புச் சட்டத்தைத் தூக்க வேண்டும். சாதாரணப் பழைய பியானோவுக்கு அதன் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். கணக்குப்படி அது குப்பைக்குத்தான்!

இந்தக் கணக்கை மாற்றியது ஒரு பசை. 1942-ல் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர், துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடினார். கிடைத்த சயனோஅக்ரிலேட் தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் அது ஒதுக்கப்பட்டது. 1951-ல் அவர் குழுவின் ஃப்ரெட் ஜாய்னர் ஒரு சோதனைக் கருவியில் அதைத் தடவ, விலையுயர்ந்த இரண்டு பட்டகங்கள் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. அப்போதுதான் அதன் அருமை புரிந்தது! 1958-ல் ‘ஈஸ்ட்மன் 910’ விற்பனைக்கு வந்தது. நம்மூர் ஃபெவிக்விக்கும் இதே குடும்பம்தான்.

பின்னாளில் பியானோ பழுதுபார்ப்பவர்கள் இதில் தண்ணீர் போல மெல்லிய வகையைக் கையிலெடுத்தனர். நிமிர்ந்து நிற்கும் பியானோவை மல்லாக்கச் சாய்த்து, ஆணியின் அடியில் சொட்டுச் சொட்டாக விட்டால் பசை விரிசலுக்குள் தானே இறங்கும். மரத்திலுள்ள ஈரம் அதை இறுகவைக்கும். ஆணி நிரந்தரமாக ஒட்டிவிடாதா? இல்லை. சாவி போட்டுத் திருகினால் ‘டக்’கென்று விடுபட்டுத் திரும்பும். ஆனால் துளை கெட்டிப்பட்டிருப்பதால் பிடிப்பு இருக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்தால் சில மணிநேர வேலை.

பலகை பிளந்தே போயிருந்தால் இதுவும் உதவாது. அருங்காட்சியகப் பியானோக்களின் கதையே வேறு. 1720-ல் கிறிஸ்டோஃபோரி செய்த பியானோ நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட கருவிக்கு இந்த வைத்தியம் ஆகாது. உள்ளே இறங்கிய பசையைத் திரும்ப எடுக்க வழியில்லை.