ஸ்விஃப்ட் முதல் பிரெஸ்ஸா வரை: பழைய 1.3 லிட்டர் டீசல் கார் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா குவாட்ராஜெட், ஃபியட் புன்ட்டோ, செவ்ரோலெட் செய்ல் ஆகியவை நான்கு வெவ்வேறு நிறுவனங்களின் கார்கள். ஆனால், இவற்றின் 1.3 லிட்டர் டீசல் வகைகளில் பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஒரே என்ஜின்தான். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் என்ற இந்த என்ஜினுக்கு வாகன இதழ்கள் 'இந்தியாவின் தேசிய என்ஜின்' என்றே பெயர் சூட்டின. 2020 ஏப்ரல் 1 முதல் புதிய கார்களில் இது இல்லை. எனினும், பழைய கார் சந்தையில் இதன் மவுசு குறையவில்லை. அந்த நற்பெயரை மட்டும் நம்பி வாங்கினால் ஏமாறவும் வாய்ப்பு உண்டு.

ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் என்ஜின் தயாரிப்பில் கூட்டாக இயங்கிய காலத்தில், 2003-ல் இது அறிமுகமானது. போலந்தின் பீல்ஸ்கோ பியாவா ஆலையில் முதலில் தயாரிக்கப்பட்டது. 2005-ல் 1 முதல் 1.4 லிட்டர் வரையிலான பிரிவில் சர்வதேச 'ஆண்டின் சிறந்த என்ஜின்' விருதைப் பெற்றது. இந்தியாவில் 2007 ஜனவரியில் ஸ்விஃப்ட் டீசல் வாயிலாகப் பரவலானது. மாருதிக்கான என்ஜின்கள் ஹரியானாவின் மானேசரிலும், ஃபியட் மற்றும் டாடாவுக்கானவை புனே அருகேயுள்ள ரஞ்சன்காவ் ஆலையிலும் தயாராயின. மாருதி இதை 'டிடிஐஎஸ்' என்றும், டாடா 'குவாட்ராஜெட்' என்றும் அழைத்தன. பெட்ரோலைவிட டீசல் வெகு மலிவாக விற்ற காலம் அது. டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில்தான் விலக்கப்பட்டது.

தொழில்நுட்ப விவரங்கள்

நான்கு சிலிண்டர், 16 வால்வு, 1,248 சிசி கொள்ளளவு. சிலிண்டரின் விட்டம் 69.6 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 82 மில்லிமீட்டர். வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய சிலிண்டர் ஹெட். காமன் ரயில் முறையில், ஒரே சுழற்சியில் டீசலை ஐந்து முறை வரை சிறுசிறு அளவாகப் பிரித்துத் தெளிக்க இதனால் முடியும். 'மல்டிஜெட்' என்ற பெயரின் பொருளும் அதுவே. முதன்மைத் தெளிப்புக்கு முன்பே சிறிதளவு டீசல் எரியத் தொடங்குவதால், பழைய டீசல் கார்களுக்கே உரிய தடதடப்பு இதில் குறைந்தது.

இந்த என்ஜின் இரு வடிவங்களில் வந்தது. சாதாரண டர்போ கொண்டது 75 பிஎஸ் திறனும் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். இதழ்களின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் டர்போ கொண்டது 90 பிஎஸ் திறனும் 200 நியூட்டன் மீட்டரும் தரும். ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையர் ஆகியவற்றில் முதல் வகையும், எர்டிகா, சியாஸ், விட்டாரா பிரெஸ்ஸா ஆகியவற்றில் இரண்டாவதும் இடம்பெற்றன. 2015-ல் வந்த சியாஸ் எஸ்ஹெச்விஎஸ் காருக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 28.09 கிலோமீட்டர். இது சோதனைக்கூட அளவு என்பதால், நகர நெரிசலில் அதை எதிர்பார்ப்பதற்கில்லை.

ஏறத்தாழ 2,000 ஆர்பிஎம் வரை டர்போ முழுமையாக விழித்துக்கொள்ளாது என்பது இதன் பிறவிக் குணம். மேம்பாலத்தில் இரண்டாவது கியரில் மெதுவாக ஏறும்போது கார் திணறுவது பழுதல்ல. ஆனால், அந்தத் திணறலைச் சமாளிக்கப் பலரும் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டுவதால் கிளட்ச் விரைவில் தேய்கிறது. நகரத்திலேயே ஓடிய காரில் கிளட்ச் மாற்றும் செலவையும் கணக்கில் சேர்ப்பது நல்லது.

செயினும் ஆயிலும்

வால்வுகளை இயக்க இதில் பெல்ட்டுக்குப் பதிலாக டைமிங் செயின் உள்ளது. குறிப்பிட்ட தூரத்தில் பெல்ட் மாற்றும் செலவு இல்லை என்பதே விற்பவர்கள் முதலில் சொல்லும் சிறப்பு. அது பாதி உண்மைதான். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், என்ஜின் ஆயிலின் அழுத்தத்தால் இயங்குகிறது. ஆயில் அளவு குறைந்தாலோ, மாற்றாமல் விட்டுக் கசடாகிப் போனாலோ அழுத்தம் குறையும். செயின் தளர்ந்து நீளும். ஒரு கட்டத்தில் அது பற்சக்கரத்தில் தாவினாலோ அறுந்தாலோ வால்வுகளும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன் பிறகு ஆகும் செலவு, பழைய காரின் விலைக்கே நெருங்கிவிடக் கூடும். இரண்டு லட்சம் கிலோமீட்டரைக் கடந்தும் ஓடுகிற டாக்சிகளுக்கும், அதில் பாதி தூரத்தில் படுத்துவிட்ட வீட்டு உபயோகக் கார்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் ஆயிலைப் பொறுத்ததே.

ஆகவே, ஓடோமீட்டரைவிட ஆயில் மாற்றிய பதிவேடே முக்கியம். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். காரைப் பார்க்கச் செல்லும்போது, என்ஜின் குளிர்ந்த நிலையில் இருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம். ஏற்கெனவே சூடேற்றி வைத்திருந்தால் செயினின் ஓசை மறைந்துவிடும். முதல் ஸ்டார்ட்டில் சில விநாடிகளுக்கு மேல் உலோகச் சலசலப்பு நீடித்தால், செயினும் டென்ஷனரும் சோதிக்கப்பட வேண்டும். கரும்புகை, சீரற்ற ஐட்லிங், வேகம் எடுப்பதில் தயக்கம் ஆகியவை இன்ஜெக்டர், இஜிஆர் வால்வு அல்லது டர்போவின் கோளாறாக இருக்கலாம். கலப்பட டீசலையும் நீர் கலந்த டீசலையும் காமன் ரயில் இன்ஜெக்டர்கள் தாங்குவதில்லை. உதிரி பாகங்கள் கிடைப்பதில் மாருதி கார்களுக்குச் சிக்கல் குறைவு. ஃபியட், செவ்ரோலெட் கார்களில் என்ஜின் பாகம் கிடைத்தாலும் கதவுக் கைப்பிடிக்கும் விளக்குக்கும் அலைய நேரிடலாம்.

டெல்லி கார்களுக்குக் கூடுதல் கவனம்

டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களை இயக்கத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை விதித்தது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில், உரிமையாளர்கள் மீது கட்டாய நடவடிக்கை கூடாது என இடைக்கால உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டும் எனத் திருத்தியது. இந்த என்ஜினைப் பொறுத்தவரை இது முக்கியமானது. ஏனெனில், 2010 முதல் பெருநகரங்களில் பிஎஸ்-4, பிற இடங்களில் பிஎஸ்-3 என இரு விதிகள் இருந்தன. நாடு முழுவதும் பிஎஸ்-4 கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். ஒரே ஆண்டில் தயாரான இரண்டு ஸ்விஃப்ட் கார்கள் வெவ்வேறு பிரிவில் வரக்கூடும்.

தடைக்கு அஞ்சி விற்கப்படும் டெல்லி கார்கள், தடையின்மைச் சான்று பெற்றுப் பிற மாநிலங்களுக்குக் குறைந்த விலையில் செல்கின்றன. அவற்றை வாங்குவோர் பதிவுச் சான்றிதழில் உள்ள மாசு விதி நிலை, என்ஜின் எண், முதல் பதிவுத் தேதி ஆகியவற்றைச் சரிபார்ப்பதுடன், தங்கள் மாநிலத்தில் மறுபதிவுக்கான வரி எவ்வளவு என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பிறகே முன்பணம் தர வேண்டும்.