கால்சியம் சேர்மங்கள்: மோலார் நிறையும் பண்ருட்டி நிலக்கடலையும்

ஒரு சேர்மத்தின் ஒரு மோல் எத்தனை கிராம் என்பதே அதன் மோலார் நிறை. அதிலுள்ள அணுக்களின் நிறைகளைக் கூட்டினால் அது கிடைக்கும். கால்சியத்தின் அணு நிறை 40.08. சுட்ட சுண்ணாம்பான கால்சியம் ஆக்சைடுக்கு மோலார் நிறை 56.08, நீற்றிய சுண்ணாம்பான கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு 74.09, சுண்ணாம்புக்கல்லிலும் கிளிஞ்சலிலும் உள்ள கால்சியம் கார்பனேட்டுக்கு 100.09; இரண்டு நீர் மூலக்கூறுகளைத் தாங்கிய கால்சியம் சல்பேட்டான ஜிப்சத்துக்கு 172.17. இந்த நான்கிலும் ஒரு மோல் சேர்மத்துக்கு ஒரு மோல் கால்சியமே உண்டு. ஆகவே மோலார் நிறை ஏற ஏறக் கிலோவுக்குக் கிடைக்கும் கால்சியம் இறங்குகிறது: முறையே 71.5, 54.1, 40.0, 23.3 விழுக்காடு. இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் ஜிப்சம்தான் மிக ஏழைச் சரக்கு. ஆனாலும் பண்ருட்டி வட்டாரத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கும் நிலக்கடலைக்கு அதைத்தான் இடச் சொல்கிறார்கள். அந்தப் பரிந்துரை சரியானதே. மோலார் நிறை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அதன் காரணமே தெளிவாக்குகிறது.

நிலக்கடலையில் பூ மேலே பூத்தாலும் காய் மண்ணுக்குள் பிடிக்கிறது. வேர் உறிஞ்சும் கால்சியம் நீரோட்டத்தோடு இலைகளுக்கு ஏறிவிடும். அங்கிருந்து மண்ணுக்குள் இருக்கும் காய்க்குத் திரும்பி இறங்குவது மிக அரிது. பூவிலிருந்து நீளும் விழுது இறங்கிய இடத்து மண்ணிலிருந்து காய் தன் தோல் வழியாகவே கால்சியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அது போதாதபோது பருப்பு பிடிக்காமல் பொக்குக் காய்கள் மிகும். இதனால்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இறவைப் பயிருக்கு விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறது. மோலார் நிறையைக் கொண்டு கணக்கிட்டால், தூய ஜிப்சம் 400 கிலோவில் சுமார் 93 கிலோ கால்சியமும் 74 கிலோ கந்தகமும் உண்டு. அதே அளவு கால்சியம் சுட்ட சுண்ணாம்பில் 130 கிலோவிலும், சுண்ணாம்புக்கல் தூளில் 233 கிலோவிலும் அடங்கிவிடும்.

அப்படியானால் குறைந்த எடையுள்ள சுண்ணாம்பையே இடலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, விடை கரைதிறனில் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் ஏறத்தாழ இரண்டரை கிராம் கரையும். கால்சியம் கார்பனேட்டோ தூய நீரில் 0.013 கிராம் அளவே கரையும். காய் பிடிக்கும் சில வாரங்களுக்குள் மேல்மண்ணின் ஈரத்தில் கால்சியம் இருந்தாக வேண்டும். கரையாமல் கிடக்கும் தூள் எவ்வளவு செறிவாக இருந்தாலும் பயனில்லை. சுட்ட சுண்ணாம்பும் நீற்றிய சுண்ணாம்பும் கடுங்காரம் உடையவை; வளர்ந்து நிற்கும் பயிரின் அடியில் இடத் தக்கவை அல்ல. மண்ணின் புளிப்பைக் குறைப்பதே நோக்கமானால் நிலை தலைகீழாகும். அமிலத்தை முறிப்பவை சுண்ணாம்பிலுள்ள ஆக்சைடும் ஹைட்ராக்சைடும் கார்பனேட்டும்தான். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு 100 கிலோ சுண்ணாம்புக்கல் செய்யும் வேலையைச் செய்யும். கால்சியம் இருந்தும் ஜிப்சம் அந்த வேலைக்கு உதவாது.

இவ்வளவுக்கும் கரைதிறனும் உடனிருக்கும் அயனியுமே தீர்மானிப்பவை என்றால் மோலார் நிறை ஏட்டுக் கணக்குத்தானே என்பது அடுத்த மறுப்பு. கடையில் வரும் ஜிப்சம் தூயதாக இருப்பதில்லை என்பதும் அதற்கு வலுச் சேர்க்கும். ஆனால் தூய்மைக் குறைவை அளக்கவே மோலார் நிறை தேவைப்படுகிறது. 70 விழுக்காடு தூய்மையுள்ள 400 கிலோவில் கால்சியம் 65 கிலோதான். குறையை ஈடுகட்ட 571 கிலோ இட வேண்டும். தூய பொருளில் எவ்வளவு என்று தெரியாதவர் இந்த இழப்பை அறியவே முடியாது.

மோலார் நிறையின் இந்தப் பயனையும் வரம்பையும் கால்சியம் கார்பைடிலும் காணலாம். அதன் மோலார் நிறை 64.10. நீர் பட்டால் அவ்வளவு கார்பைடிலிருந்து 26.04 கிராம் அசிட்டிலீன் வாயு வெளிவந்து 74.09 கிராம் நீற்றிய சுண்ணாம்பு எஞ்சும். கணக்கில் குறையில்லை. ஆனால் தொழிற்சாலைக் கார்பைடில் கலந்திருக்கும் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை; கார்பைடைக் கொண்டு பழங்களைப் பழுக்கவைப்பதை 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடைசெய்கின்றன. எவ்வளவு இருக்கிறது என்பதை மோலார் நிறை ஐயமறச் சொல்லும். அது கரையுமா, தூயதா, தீங்கற்றதா என்பதை வேறு சோதனைகளே சொல்ல வேண்டும். ஜிப்சம் மூட்டையை விலை பேசும் உழவருக்கு இரண்டு விடைகளும் ஒன்றாகக் கிடைத்தால்தான் கொடுக்கும் பணம் காயில் பருப்பாகத் திரும்பும்.