மூன்று டாலர்

பொருளை ஈட்டுவதும் காப்பதும் மட்டுமே அரசின் திறன் ஆகிவிடா. காத்த பொருளை முறையாக வகுத்தளிப்பதும் அத்திறனுள் அடங்கும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. வகுத்தல் என்பது அலுவலகக் கணக்கேடுகளில் நடைபெறும் வறண்ட செயல் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அக்கணக்கில் ஒரு தலைமுறைக் குழந்தைகளின் வாழ்வே அடங்கியிருக்கக்கூடும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில வரலாறு சான்று பகர்கிறது.

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி முதன்மையாக மாநிலங்களின் பொறுப்பு. அவை அப்பொறுப்பைப் ‘பள்ளி மாவட்டங்கள்’ எனும் உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைத்தன. ஒரே நகர்ப்பகுதிக்குள் இத்தகைய மாவட்டங்கள் பல இருக்கலாம். தன் எல்லைக்குள் உள்ள வீடு, நிலம், வணிகக் கட்டடம் ஆகியவற்றின் மீது வரி விதித்து, ஒவ்வொன்றும் தன் பள்ளிகளை நடத்தும். செல்வர் வாழும் பகுதியில் சிறு வரியும் பெரும் பொருள் தரும். ஏழையர் பகுதியில் பெரு வரியும் சிறு பொருளே தரும். இக்குறையை ஈடுசெய்யவே டெக்சாஸ் அரசு 1949ஆம் ஆண்டில் ‘குறைந்தபட்ச அடித்தளத் திட்டம்’ ஒன்றை வகுத்தது.

அத்திட்டம் என்ன செய்தது? சான் அன்டோனியோ நகர்ப்பகுதியின் இரு மாவட்டங்களைக் காண்போம். எட்ஜ்வுட் மாவட்டத்தில் மாணவரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் மெக்சிக வழிவந்தோர். அலமோ ஹைட்ஸ், வசதி படைத்தோர் வாழ்ந்த பகுதி. 1967–68இல் எட்ஜ்வுட் மக்கள் சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1.05 டாலர் வரி செலுத்தினர். மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ் மக்கள் 0.85 டாலர் மட்டுமே செலுத்தினர். கிடைத்ததோ 333 டாலர்!

இனி மாநில அரசின் பங்கு. ஏழை எட்ஜ்வுட்டுக்கு மாணவர் ஒருவருக்கு 222 டாலர். செல்வ அலமோ ஹைட்ஸுக்கு 225 டாலர். ஈடுசெய்ய வந்த நிதியே செல்வர்க்கு மூன்று டாலர் மிகுதியாக அளித்தது! ஆசிரியரின் தகுதிக்கும் பட்டறிவுக்கும் ஏற்பவே ஊதிய நிதி கணக்கிடப்பட்டது. அத்தகைய ஆசிரியரைப் பணியமர்த்த வல்லவை செல்வ மாவட்டங்களே. நடுவண் அரசின் உதவியையும் சேர்த்தால், எட்ஜ்வுட் மாணவருக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 594 டாலர்.

1968 மே திங்களில் எட்ஜ்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வெளியேறினர். அதே ஆண்டில், விமானப்படைத் தளத்தில் உலோகத் தகட்டு வேலை செய்துவந்த டெமட்ரியோ ராட்ரிகஸ் எனும் தந்தை, வேறு சில பெற்றோருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தார். 1971இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால், 1973 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அத்தீர்ப்பை மாற்றியது. கல்வி, அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமைகளுள் ஒன்றன்று என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நிதிமுறையின் குறைகளை அது மறுக்கவில்லை. அவற்றைத் திருத்துவது சட்டமன்றங்களின் வேலை என்றது. நீதிபதி தர்குட் மார்ஷல் கடுமையாக மாறுபட்டு எழுதினார்.

பெற்றோர் சோர்ந்து அமரவில்லை. கூட்டாட்சி அரசியலமைப்பு கைவிட்டபோது மாநில அரசியலமைப்பை நாடினர். 1984இல் எட்ஜ்வுட் மாவட்டம் மீண்டும் வழக்காடியது. அப்போதும் ஒரு மாணவருக்குரிய சொத்து மதிப்பு எட்ஜ்வுட்டில் 38,854 டாலர். அலமோ ஹைட்ஸில் 5,70,109 டாலர். 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்நிதிமுறையைச் செல்லாதென அறிவித்தனர். அடுத்து இயற்றப்பட்ட இரு சட்டங்களும் நீதிமன்றத்தில் வீழ்ந்தன. 1993இல் வந்த சட்டமே 1995இல் நிலைபெற்றது. செல்வ மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதி ஏழை மாவட்டங்களுக்குச் சென்றது. வழக்குகள் அத்துடன் ஓயவில்லை. எனினும் இடைவெளி குறைந்தது.

முதல் வழக்கிற்கும் இத்தீர்வுக்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்தது. 1968இல் முதல் வகுப்பில் அமர்ந்த குழந்தை 1993இல் முப்பது வயதைக் கடந்திருக்கும். நீதி வந்து சேர்ந்தபோது அக்குழந்தையின் பள்ளிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. 2013இல் மறைந்த ராட்ரிகஸும், தம் பிள்ளைகளுக்காகக் கேட்டதைப் பிறர் பிள்ளைகள் பெறவே கண்டார்.

அந்த மூன்று டாலரைத் திருடியவர் எவருமில்லை. சட்டப்படி, விதிப்படி, பிழையின்றிக் கூட்டப்பட்ட தொகை அது. அநீதி எப்போதும் கொடியவன் உருவில்தான் வரும் என்பதில்லை. சரியாகப் போடப்பட்ட கணக்காகவும் வரலாம். வரவு செலவுத் திட்டம் படிக்கப்படும்போது, ‘எவ்வளவு?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘எவருக்கு?’ என்றும் கேட்பது குடிமக்களாகிய நம் கடமையன்றோ?