கப்பற்புழுவும் தேம்சு நதிச் சுரங்கமும்

மரக்கலங்கள் கடலாண்ட காலத்தில் மாலுமிகள் புயலுக்கு அஞ்சியதுபோலவே கப்பற்புழுவுக்கும் அஞ்சினர். புழு என வழங்கினும் அது சிப்பியினத்தைச் சேர்ந்ததாகும். தலைப்புறத்துள்ள இரு சிற்றோடுகளால் மரத்தை அராவி முன்னேறும். முன்னேறுந்தோறும் துளையின் சுவருக்குச் சுண்ணப்பூச்சு இட்டுக்கொள்ளும்.

பிரான்சிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய பொறியியலறிஞர் மார்க் புரூனல், இப்பிராணியின் தொழிலைக் கண்டே சுரங்கக் கேடயத்தைக் கருதினார் என்பர். 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தேம்சு நதியின் கீழ் வழியமைக்கும் முந்திய முயற்சியொன்று, ஆற்றுநீர் புகுந்தமையால் 1808இற் கைவிடப்பட்டிருந்தது. 1825இற் புரூனல் அப்பணியை மேற்கொண்டார். அவரது கேடயத்தில் 12 இரும்புச் சட்டங்களும் அவற்றில் 36 அறைகளும் இருந்தன. அறைக்கொருவர் நின்று மண்ணைச் சிறிது சிறிதாக அகழ்வர். சட்டங்கள் முன்னே தள்ளப்படும். கொத்தர் பின்னின்று செங்கற்சுவர் எழுப்புவர்.

ஆயினும் மரம் வேறு, ஆற்றடி மண் வேறு. புழுவுக்கு வாய்த்த உறுதி புரூனலுக்கு வாய்க்கவில்லை. 1827இல் ஆறு உட்பாய்ந்தது; உடைப்பைக் களிமண் மூட்டைகளால் அடைத்தனர். 1828 சனவரியில் மீண்டும் பாய்ந்து அறுவரை மாய்த்தது. புரூனலின் மகன் இசம்பார்ட் அரிதின் உயிர் தப்பினார். பின்னர்ப் பொருளின்மையாற் பணி ஏழாண்டுகள் நின்றது. கப்பற்புழு இத்தகைய முட்டுப்பாட்டை அறியாது! அரசாங்கக் கடனுதவியோடு 1835இல் வேலை மீண்டும் தொடங்கிற்று.

1843 மார்ச்சிற் சுரங்கம் திறக்கப்பட்டது. வண்டிகள் இறங்குதற்கேற்ற சாய்வழி அமைக்கப் பணமில்லாமையால் நடந்து செல்வோர்க்கே அது பயன்பட்டது. 1869இல் அதனூடே புகைவண்டி ஓடலாயிற்று. இன்றும் அவ்வழியே இரயில்கள் செல்கின்றன.