90 கிலோமீற்றர் ஓடியவர்களின் குளிசை



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். மரதனுக்குப் பெயர் கொடுத்த பிள்ளைகளின் உம்மா, அம்மாமார் கேட்பது ஒன்றுதான்: “சேர், விற்றமின் சி குளிசை கொடுத்தால் நல்லதா?” ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். ஆனால் அந்தக் குளிசை ஓட்டக்காரர்களின் கைக்கு வந்த கதை தெரிந்தால் நீங்களே முடிவெடுப்பீர்கள்.

தடிமனுக்கு விற்றமின் சி நல்லது என்று 1970இல் புத்தகம் எழுதிப் பரப்பியவர் நோபல் பரிசு பெற்ற லைனஸ் போலிங். ஓட்டக்காரர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்த முக்கியமான இடம் தென்னாபிரிக்கா. கேப்டவுனில் நடந்த 56 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றை ஈடித் பீற்றர்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். ஓடி முடித்து இரண்டு வாரத்துக்குள் 33 வீதமானோருக்குத் தடிமன், தொண்டை நோ. அவர்களோடு ஒரே வீட்டில் இருந்து, ஓடாமல் இருந்தவர்களில் 15 வீதம்தான். 1983இல் இது வெளிவந்தது.

அடுத்து அவர் போனது கொம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு. முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாக 1921இல் தொடங்கிய போட்டி அது. டர்பனுக்கும் பீற்றர்மரிட்ஸ்பர்க்குக்கும் இடையில் ஏறத்தாழ 90 கிலோமீற்றர், மலைப்பாதை. செங்கலடியில் புறப்பட்டால் அக்கரைப்பற்றைத் தாண்டிவிடும் தூரம்! 1860 முதல் நம் தமிழர் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போன மண் அது. காந்தியை 1893இல் ரயிலிலிருந்து இறக்கிவிட்டதும் பீற்றர்மரிட்ஸ்பர்க்கில்தான். வெள்ளையர் அல்லாதவர்களும் பெண்களும் அந்த ஓட்டத்தில் முறைப்படி சேர 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை.

ஓட்டத்துக்கு முன் 21 நாள், தினமும் 600 மில்லிகிராம் விற்றமின் சி ஒரு பகுதியினருக்கு. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. வெறும் குளிசை எடுத்த ஓட்டக்காரர்களில் 68 வீதமானோருக்குத் தடிமன் அறிகுறிகள். விற்றமின் எடுத்தவர்களில் 33 வீதம். 1993இல் வந்த இந்த முடிவுதான் உலகமெங்கும் ஓட்டக்காரர்களின் பையில் குளிசையைப் போட்டது.

ஏன் அப்படி? கடுமையாக ஓடிய சில மணி நேரத்துக்கு இரத்தத்தில் சில வெண்குருதிக் கலங்கள் குறைந்துவிடும். நிர்ப்பீடனம் விழுந்துவிட்டது, கதவு திறந்து கிடக்கிறது என்று அன்று விளங்கிக்கொண்டார்கள். அந்தக் கலங்கள் சாகவில்லை, நுரையீரல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போகின்றன என்று இப்போது சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அமெரிக்காவில் டேவிட் நீமன் ஓட்டக்காரர்களுக்கு 1500 மில்லிகிராம் கொடுத்து 2002இல் எழுதினார்: அந்தக் கலங்களின் மாற்றத்தில் வித்தியாசம் இல்லை. ஹவாயில் நீந்தி, சைக்கிள் ஓடி, பிறகு மரதனும் ஓடும் போட்டியாளர்களுக்கு இரண்டு மாதம் விற்றமின் ஈ கொடுத்துப் பார்த்தபோது அழற்சி குறையவில்லை, கூடியது!

2009இல் ஜேர்மனியில் மைக்கேல் றிஸ்டோவின் குழு இன்னொன்றைக் காட்டியது. உடற்பயிற்சியின்போது உடலில் ஒட்சியேற்றம் நடக்கும். அது வெறும் கேடல்ல. “இன்னும் பலமாகு” என்று தசைக்குப் போகும் செய்தியும் அதுதான். தினமும் 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் அதோடு விற்றமின் ஈயும் எடுத்த இளைஞர்களிடம் அந்தச் செய்தி அடங்கிப்போனது. பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது குளிசை எடுக்காதவர்களுக்குத்தான். வியர்வை சிந்திப் பயிற்சி செய்துவிட்டு, அதன் பலனைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்வது போல.

அப்படியென்றால் பீற்றர்ஸ் பொய் சொன்னாரா? இல்லை. மரதன் ஓட்டக்காரர், பனிச்சறுக்கு வீரர், படையினர் என்று 598 பேரிடம் நடந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் தடிமன் பாதியாகக் குறைந்தே இருக்கிறது. சாதாரண மனிதர்களிடம் அப்படிக் குறையவில்லை. அது உடலை எல்லை வரை வருத்துபவர்களின் கதை. பாடசாலை மரதனில் ஐந்தாறு கிலோமீற்றர் ஓடும் பிள்ளைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

ஒரு நாளைக்குத் தேவையான விற்றமின் சி, பெரியவர்களுக்கே 45 மில்லிகிராம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மூர்க் கொய்யா 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. வளவில் அணில் கடித்து விழும் பழத்தைக் கூட்டி எறிந்துவிட்டு நாம் பாமசிக்குப் போகிறோம்.

வைத்தியர் எழுதித் தந்த குளிசையை யாரும் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். அது வேறு விடயம்.