சாஸ்திரியார் கேட்டது... காந்தி சொன்னது!

அமெரிக்காவில் பல ஜெயில்களில் இப்போது உள்ளே இருப்பவருக்கு மெசேஜ் அனுப்பலாம். ஓசியில் அல்ல. காசு கொடுத்து ‘ஸ்டாம்ப்’ வாங்க வேண்டும். காகிதமே இல்லாத கடிதத்துக்கு ஸ்டாம்ப்! ஆனால், நடுவில் உட்கார்ந்து ஒருத்தர் படித்துப் பார்ப்பது மட்டும் மாறவேயில்லை.

1922-ல் எரவாடா ஜெயில். ஆறு வருஷத் தண்டனை பெற்றிருந்தார் காந்தி. மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் எழுத அனுமதி. ஏப்ரலில் நண்பர் ஹக்கீம் அஜ்மல் கானுக்கு, தன் சிறை வாழ்க்கையை விவரித்து எழுதினார். ‘சில பகுதிகளை நீக்கினால்தான் அனுப்புவோம்’ என்றது அரசாங்கம். காந்தியா ஒப்புக்கொள்வார்? ‘அப்படியானால் இந்தச் சலுகையே எனக்கு வேண்டாம்’ என்று விட்டுவிட்டார்.

1924 ஜனவரி. குடல்வால் அழற்சி. புனே சாசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். 12-ம் தேதி ராத்திரியே ஆபரேஷன் என்றார் கர்னல் மேடக். நம்பிக்கையானவர்கள் யாரையாவது பார்க்க வேண்டுமா என்று கேட்டபோது, காந்தி சொன்ன பெயர்களில் ஒன்று, சீனிவாச சாஸ்திரி.

நம்ம வலங்கைமான்காரர்! பாடைக் காவடிக்கும் பட்டாசுக்கும் பேர்போன அதே ஊர்தான். ஏழைப் புரோகிதர் வீட்டுப் பிள்ளை. கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணியில் ஹெட்மாஸ்டராகி, கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்துக்குப் போனவர். 1869 செப்டம்பர் 22-ல் பிறந்தார். காந்தியைவிடப் பத்தே நாள் மூத்தவர். ஒத்துழையாமை இயக்கத்தைத் துளியும் ஒப்புக்கொள்ளாதவர். அரசியலில் நேர் எதிர்த் திசை. ஆனாலும் உயிர் ஊசலாடும்போது அவரைத்தான் கூப்பிடத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

ஆபரேஷனுக்குச் சம்மதக் கடிதத்தை எழுதியவர் சாஸ்திரியார். ஏதாவது விபரீதமாகிவிட்டால் ஊரே வெள்ளைக்காரன் கொன்றுவிட்டான் என்று கொதித்திருக்குமே! கை நடுங்க நடுங்கக் கையெழுத்துப் போட்டார் காந்தி.

மெல்லக் கேட்டார் சாஸ்திரியார். மக்களுக்கு ஏதாவது செய்தி உண்டா?

இல்லை என்றார் காந்தி. ‘நான் கைதி. சட்டப்படி வெளியுலகுக்குச் செத்தவன் மாதிரி. வெளியே நடப்பது எனக்குத் தெரியாது. கைதிக்குரிய நெறியை மீறமாட்டேன்’ என்பது அவர் கட்சி. கேட்பவர் நெருங்கிய நண்பர். நாடே காத்திருக்கிறது. ஒரு வரி சொல்லியிருந்தால் விடிவதற்குள் தந்தியில் தேசம் முழுக்கப் பறந்திருக்கும். சொல்லவில்லை. கடிதத்தை வெட்ட வந்தபோது முறைத்துக்கொண்ட அதே மனுஷர்தான்!

அன்றைக்குப் பார்த்து இடி, மழை. ஆபரேஷன் நடுவே கரன்ட் போனது. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார் மேடக். பிப்ரவரி 5-ல் நிபந்தனையே இல்லாமல் காந்தியை விடுதலை செய்தது அரசாங்கம்.

1946 தொடக்கத்தில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் சாஸ்திரியார். இந்த முறை தேடி வந்து பார்த்தவர் காந்தி. அந்த ஏப்ரல் 17-ல் சாஸ்திரியார் காலமானார்.